நிலைக்காலில் ஒரு சேங்கொட்டைப் புள்ளி

இப்போது ஓட்டுப் போடப் போனால் விரலில் மை வைத்து அனுப்புகிறார்கள். வயதானவள் என்று வரிசையில் முன்னால் விடப் பார்ப்பார்கள். நான் முன்னால் போக மாட்டேன். என் முறை வரும்வரை நின்றுதான் போடுவேன். ஓட்டு எனக்குப் புதிது இல்லை. இந்த மையும் பெட்டியும் வருவதற்கு முன்னாலேயே போட்டவள் நான். அப்போது போட்டது காகிதம் இல்லை. கந்தல் துணி.

எனக்குக் கையெழுத்துப் போட வரும். அச்செழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் கிடையாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்கிறேன். அலங்காரமாக எதையாவது சேர்த்திருந்தால் அடிக்கச் சொல்லிவிடுகிறேன்.

ஆலங்குடிக்குக் கிழக்கே, சமஸ்தானத்து எல்லை ஓரத்தில் இருந்தது எங்கள் ஊர். வெளியே உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்களுக்கு அது மண்ணெண்ணெய் கிடைக்காததிலும், கடல் தாண்டிப் போனவர்களின் கடுதாசி வராததிலும்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

ஊருக்கு ஒரே கண்மாய். மானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையில் கண்மாய் பெருகினால் சோறு, இல்லாவிட்டால் இல்லை. கண்மாய்த் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் விடுவது என்று பார்ப்பவருக்கு நீர்பாய்ச்சி என்று பெயர். மடைக்குப் பக்கத்து வயல்களைத் தலைமடை என்போம். வாய்க்கால் கடைசியில் இருப்பவை கடைமடை. நீர்பாய்ச்சி நியாயமான ஆளாக இருந்தால் கடைமடைக்கும் தண்ணீர் வரும். கண்ணை மூடிக்கொள்கிற ஆளாக இருந்தால் தலைமடையில் வரப்பு வழிந்து ஓடும். கடைமடையில் பயிர் மணி பிடிக்காமல் பொட்டாகும்.

பாகம் பிரித்தபோது என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது கடைமடை. தலைமடை அவருடைய அண்ணனுக்கு. அந்த அண்ணன்தான் ஊர் அம்பலம், ஊரில் முதல் பேச்சு அவருடையது. எனக்கு அவர் மூத்தார். மூத்தார் எதிரில் தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, நேரே ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர் தெருவில் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் குரலைத் தெரியும், முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை.

இரண்டு வருஷமாகக் கடைமடையில் ஒரு மணி விளையவில்லை. அப்போதிருந்த நீர்பாய்ச்சிக்குத் தலைமடைக்காரர்களின் முகதாட்சண்யம் அதிகம். அவரை மாற்ற வேண்டும் என்று கடைமடை வீடுகள் எல்லாம் பேசிக்கொண்டோம். மாற்ற வழி இருந்தது. வருஷா வருஷம் புரட்டாசியில், கண்மாய்க் கரை அய்யனார் கோயிலில், ஊரே கூடி நீர்பாய்ச்சியைத் தேர்ந்தெடுக்கும். இரண்டு கலயம் வைப்பார்கள். ஒன்றில் சுண்ணாம்பு பூசியிருக்கும், ஒன்றில் காவி. இன்னாருக்கு இந்தக் கலயம் என்று முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு துணி போட வேண்டும். எந்தத் துணி என்றால், அந்த வீட்டுப் பழந்துணியில் சலவைக்குறி இருக்கிற மூலையைக் கிழித்தெடுத்த துண்டு. எங்கள் ஊருக்குத் துணி வெளுத்த அம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைத்திருந்தார். சேங்கொட்டைப் பாலால் இட்ட கோடும் புள்ளியும். துணி நைந்து போனாலும் அந்தக் குறி போகாது. எழுதப் படிக்கத் தெரியாத ஊருக்கு அதுதான் கையெழுத்து.

இதில் ஒரு சங்கடம். புரட்டாசியில் கடைமடைக்காரர்கள் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். தஞ்சாவூருக்குக் கிழக்கே ஆற்றுப் பாசனத்தில் குறுவை அறுப்பும் சம்பா நடவும் அப்போதுதான். மூன்று நாள் நடந்து போய், ஒரு மாதம் வேலை செய்து, கூலி நெல்லோடு திரும்புவோம். அந்த நெல்லில்தான் தை வரைக்கும் அடுப்பெரியும். அம்பல வீட்டு மருமகள் கூலி நடவுக்குப் போகிறாளே என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று நான் போனேன். அப்படிப் போகிறவர்கள் ஆவணியிலேயே தங்கள் துணியைக் கலயத்தில் போட்டுவிட்டுப் போகலாம். அது எவ்வளவு நாள் வழக்கம் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஆவணிக் கடைசியில் தண்டோரா போட்டார்கள். தேர்ந்தெடுக்கிற அன்று கரையில் வந்து நிற்கிறவர்கள் மட்டும்தான் இனிமேல் துணி போடலாம், முன்கூட்டிப் போடுவது கிடையாது, இதை முடிவு பண்ண வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் என்று.

மறுநாள் அழுக்கெடுக்க வந்த சலவைக்காரம்மா என் வாசலில் மூட்டையை இறக்கி வைத்தார்.

"தண்டோரா கேட்டீங்களா தாயி?"

"கேட்டேன். என்னவாம் திடீர்னு?"

"போன வருசம் துணி கூடிப் போச்சாம்ல. வீடு நாப்பத்தொண்ணாம், துணி நாப்பத்திமூணாம். கெழக்க போறவுகதான் ரெண்டு ரெண்டாப் போட்டுட்டுப் போய்ட்டாகன்னு பேச்சு."

"யாரு போட்டாக, குறியைப் பாத்தாத் தெரியாதா?"

"எண்ணிப் பாத்தாகளே ஒழிய குறியை யாரு பாத்தா? அவுகளுக்குத் தெரிஞ்சது அவுக வீட்டுக் குறி மட்டுந்தான். நாப்பத்தொண்ணும் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கேன். என்னைய யாரு கூப்புட்டுக் கேட்டா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். "என்ன தாயி, இந்தச் சேலையில கரை போகாது. வேப்பங்கொட்டை எண்ணெயவா கொட்டுனீங்க?"

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றுதான் சொல்வேன், அவர் என்னை 'நீங்க' என்பார். அப்போது அது எனக்கு உறுத்தவே இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்யாகிவிடும்.

"வெள்ளிக்கெழம நீ கோயிலுக்கு வா" என்றேன்.

"எனக்கு அங்க என்ன தாயி வேலை? துணி போடப் பாத்தியதையா இருக்கு?"

"வெளுக்குற துணியத் தூக்கிக்கிட்டு வர மாதிரி வந்து நில்லு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

பெரிதாகச் சொல்லிவிட்டேனே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சனிக்கிழமை விடிந்தால் கிழக்கே கிளம்ப வேண்டும். போகாமல் இருந்தால் தைக்கு முன்னாலேயே குதிரின் அடியில் கை தட்டும். போனால் துணி போட முடியாது. நாங்கள் இல்லாமல் தேர்தல் நடந்தால் அதே நீர்பாய்ச்சி. மூன்றாவது வருஷமும் கடைமடை காய்ந்தால், நிலத்தை மூத்தாரிடமே விட்டுவிட்டு நான் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கொழும்பிலிருந்து வருகிறவருக்கு என்ன பதில் சொல்வேன்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலில் கூட்டம். அய்யனார் கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. ஓட்டுக் கொட்டகை, முன்னால் இரண்டு வரிசையாக மண் குதிரைகள். ஆம்பிளைகள் கொட்டகைக்கு உள்ளே. பெண்கள் குதிரைகளுக்குப் பின்னால். ஆளுயரக் குதிரை ஒன்றின் வயிற்றுக்கு மறைவாக நான் நின்றுகொண்டேன். என் மாமியார் பெரிய மகன் வீட்டில் இருந்தார். அவரும் வந்து எனக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

மூத்தார் பேசினார். சும்மா சொல்லக் கூடாது, நியாயம் போலத்தான் இருந்தது.

"யாரையும் குத்தஞ் சொல்லல. போன வருசம் ரெண்டு துணி கூடுதல். அன்னைக்குக் கரையில நின்னு போட்டவுகள நாங்க கண்ணால பாத்தோம். பாக்காதது முன்கூட்டிப் போட்டதத்தான். அப்பக் கோளாறு எங்கிட்டு இருந்து வந்துருக்கும்? அன்னைக்கு வாரவுக போடட்டும். வராதவுக அடுத்த வருசம் போடட்டும்."

கடைமடைக்காரர் ஒருவர் எழுந்தார். "அப்ப நாங்க சோத்துக்குப் போறதா, துணி போட நிக்கிறதா? நாளைத் தள்ளி வைங்க, ஐப்பசியில வந்துருவோம்."

"ஐப்பசியில மழை எறங்கிரும். அதுக்கு முந்தி மடையைச் சரி பண்ண வேணாமா? நீர்பாய்ச்சி இல்லாம கண்மாயி ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

கடைமடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லாரும் துண்டை உதறி எழப் பார்த்தார்கள்.

மூத்தாரிடம் பேசக் கூடாது. ஆனால் குதிரையிடம் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்.

"ஏ குதிரை, நீ போன வருசமும் இங்கனதான நின்ன? கூடுதலா விழுந்த துணி எந்த வீட்டுதுன்னு ஒனக்குத் தெரியாமயா இருக்கும்?"

எழப் பார்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் சிரித்தார். மூத்தார் இருமினார். அவர் என்னிடம் பேசக் கூடாதே! அவரும் குதிரையைப் பார்த்தே சொன்னார்.

"குதிரைக்குத் தெரிஞ்சா சொல்லட்டும். எங்களுக்குத் தெரியல."

"தெரியாததுக்கு என்ன குதிரை? போன வருசக் கலயம் ரெண்டும் உத்தரத்துல கட்டித்தான தொங்குது? எறக்கிப் பாத்தாப் போச்சு. குறி படிக்கிறவுக இங்கிட்டுத்தான் மூட்டையோட நிக்கிறாக."

பழைய கலயங்களை அடுத்த தேர்தல் வரைக்கும் உத்தரத்தில் கட்டி வைப்பது வழக்கம். எதற்கு என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. பெரியவர்கள் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில் இறக்கினார்கள். சலவைக்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் கொட்டகைக்கு வெளியே தரையில் துணியை விரித்து, இரண்டு கலயத்தையும் கவிழ்த்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து வைத்தார். அவசரமே இல்லை. குறியைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை என்று தோன்றும். துணியைத் தொட்டே வீட்டைச் சொன்னார்.

"இது தச்சாசாரி வீடு. இது கரைமேட்டு வீடு. இது மறுபடி தச்சாசாரி வீடு."

தச்சு வேலை செய்கிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கெழக்க போறப்ப நான் போட்டுட்டுத்தான் போனேன். நான் போட்டது தெரியாம எங்காத்தாளும் அன்னைக்கு வந்து போட்டுருச்சு போலருக்கு."

"பாத்தீகளா?" என்றார் மூத்தார். "நான் சொன்னது சரியாப் போச்சா? கெழக்க போன வீடு. இன்னொண்ணும் அப்படித்தான் இருக்கும்."

சலவைக்காரம்மா பிரித்துக்கொண்டே போனார். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் கை நின்றது. ஒரு துண்டை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் எடுத்து வைத்ததில் ஒன்றைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"சொல்லு" என்றார்கள்.

"சொல்லலாமுங்களா சாமி?"

"சொல்லத்தான கூப்புட்டது."

"ரெண்டு கோடு, ஒரு புள்ளி. ரெண்டு துணியுமே அம்பல வீட்டுக் குறிங்க."

மூத்தாரின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, குதிரை மறைத்துவிட்டது. குரல் மட்டும் வந்தது. "நல்லாப் பாரு. தம்பி வீட்டுதா இருக்கும்."

"தம்பி வீட்டுக்குப் பாகம் பிரிச்ச அன்னைக்கே நான் கூடுதலா ஒரு புள்ளி வச்சுட்டேன் சாமி. அது தனியா இந்தா கெடக்கு. இது பழைய குறி. பழைய வேட்டியில கிழிச்சது."

அப்போது என் பக்கத்திலிருந்து மாமியார் எழுந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு ஆம்பிளைகள் நடுவிலேயே போய் நின்றார்.

"நான்தான்டா போட்டேன்."

"ஆத்தா!"

"என்ன ஆத்தா? ஒனக்கு ஒரு துணி விழுந்துச்சு. கடல் தாண்டிப் போன என் சின்னவனுக்கு யாரு போட்டா? அவன் வேட்டி பெட்டியில கெடந்துச்சு. அவன் வாசனை போயிரக் கூடாதுன்னு வெளுக்கக் கூடப் போடாம வச்சிருந்தேன். மூலையைக் கிழிச்சு, அன்னைக்குக் கூட்டத்தோட கூட்டமா நானும் போட்டேன். அவன் இந்த ஊர்க்காரன் இல்லையா?"

நான் கிழக்கே போகுமுன் எங்கள் வீட்டுத் துணியைப் போட்டுவிட்டுப் போனது அவருக்குத் தெரியாது. பாகம் பிரிந்த பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்திருந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் கர்வம். ஆனால் அதைவிட, ஊரில் இல்லாத மகனுக்கும் ஒரு சொல் உண்டு என்று அந்த மனுஷிக்குத் தோன்றியிருக்கிறதே, அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். ஊர் முழுக்கச் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, இறுகிக் கிடந்தது அவிழ்ந்த மாதிரி ஒரு சிரிப்பு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. போனவர்கள் போட்டுவிட்டுப் போனது இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

"சரி" என்றார் மூத்தார். "இந்த வருசமும் துணி கூடிப் போகாதுன்னு என்ன நிச்சயம்? குதிரை சொல்லட்டும்."

அதற்கு வழி சொன்னது குதிரை இல்லை. சொன்னது சலவைக்காரம்மாதான், துணிகளைக் கலயத்தில் திரும்பப் போட்டுக்கொண்டே.

"முன்கூட்டிப் போடுறவுக என் முன்னால போடட்டும் சாமி. குறியைப் பாத்து வாங்கிப் போடுறேன். போட்டதும் அந்த வீட்டு நிலைக்கால்ல ஒரு சேங்கொட்டைப் புள்ளி வச்சிர்றேன். நிலையில புள்ளி இருந்தா அந்த வீடு போட்டாச்சு. பெறகு ஆத்தா வந்தாலும் சரி, அம்பலமே வந்தாலும் சரி, கெடையாது. எனக்குத் துணி போடப் பாத்தியதை இல்ல. அதனால எந்தக் கலயத்துப் பக்கமும் நான் சாய வேண்டியதும் இல்ல."

பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். மூத்தார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். போகும்போது என் குதிரைப் பக்கம் திரும்பாமலே நின்றார்.

"குதிரைக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்னு சொல்லுங்க."

அன்று சாயங்காலமே கிழக்கே போகிற வீடுகள் எல்லாம் துணி போட்டன. சலவைக்காரம்மா வீடு வீடாக வந்து நிலைக்காலில் புள்ளி வைத்தார். என் வீட்டுக்கு வந்தபோது மாமியாரும் கூட வந்தார். புள்ளியை விரலால் தொடப் போனவரை, "தொடாதீக ஆத்தா, புண்ணாக்கிப்புடும்" என்று சலவைக்காரம்மா தடுத்தார்.

"அப்ப இது சின்னவனுக்கும் சேத்துத்தான?" என்று மாமியார் என்னைக் கேட்டார்.

"சேத்துத்தான் அத்தை. நான் போட்டா அவுக போட்ட மாதிரித்தான்."

அவர் உள்ளே வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, கட்டுச்சோற்றுக்குப் புளி கரைக்க ஆரம்பித்தார். மறுநாள் நான் எடுத்துக்கொண்டு போனது அவர் கட்டிக் கொடுத்த சோறுதான்.

சலவைக்காரம்மாவுக்கு மட்டும் துணி இல்லையே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பல வருஷம் கழித்து, நாடு விடுதலையாகி முதல் பெரிய தேர்தல் வந்தபோது, பள்ளிக்கூடத்து வரிசையில் எனக்கு முன்னால் அவர் நின்றார். "அக்கா, நீங்க போங்க முந்தி" என்றேன். அதுவரை அவரை நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவர் திரும்பிப் பார்த்து, "மை நல்லா நிக்கிதான்னு பாக்கணும் தாயி" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் திரும்பும்போது ஐப்பசி பிறந்து பத்து நாள். வழியெல்லாம் மழை. நெல் மூட்டை நனையாமல் கொண்டுவருவதே பெரும்பாடு. ஊர் எல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் முதலில் சொன்னாள், காவிக் கலயம் ஜெயித்துவிட்டது என்று. காவி, கடைமடை வீடுகள் நிறுத்திய ஆளுக்கு. வித்தியாசம் எத்தனை என்று கேட்டேன். எண்ணினது சலவைக்காரம்மா, வீடு நாற்பத்தொன்று, துணி நாற்பத்தொன்று, அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றாள். எனக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

மூட்டையை வீட்டில் இறக்கிவிட்டு வயலுக்குப் போகலாமா வேண்டாமா என்று நின்றேன். இரண்டு வருஷம் போய்ப் பார்த்து ஏமாந்த கால். அப்போது தெருவில் மூத்தார் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. வழக்கம் போல் கதவுக்குப் பின்னால் போனேன். சத்தம் என் வாசலில் நின்றது.

வாசலில் என் பசு கட்டியிருந்தது. அவர் பசுவைப் பார்த்துச் சொன்னார்.

"கடைமடைக்கு நேத்தே தண்ணி வந்துருச்சு. வாய்க்கா ஓரத்து வரப்பு ஒரு எடத்துல ஒடைப்பா இருக்கு. போய்க் கட்டாட்டி வீணாப் போகும். மம்பட்டி இல்லாட்டி நம்ம வீட்டுல வாங்கிக்கலாம்."

பசு அவரைப் பார்த்தது. நான் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

"மம்பட்டி இருக்குன்னு சொல்லு. வெரசா போறேன்னும் சொல்லு."

செருப்புச் சத்தம் நகர்ந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மழையில் நிலைக்கால் முழுக்க நனைந்திருந்தது. புள்ளி அப்படியே இருந்தது.